கொன்றவனின் கண்ணீரும் கொல்லப்பட்டவரின் பெயரும்

அனிமே, மங்கா ஆகிய சொற்களைக் கேட்டதுமே "அவை சிறுபிள்ளைகளின் சங்கதி" என்று கையை வீசி ஒதுக்கிவிடும் வழக்கம் எமது தலைமுறையினரிடம் இன்னமும் இருக்கின்றது. மறுபுறத்தில், அவற்றைப் பார்த்து வளர்ந்த இளைய தலைமுறையினரோ, அவற்றின்மீது ஒரு சொல் விமர்சனம் விழுந்தாலும் தமது குலதெய்வத்தைப் பழித்துவிட்டதாகக் கொதித்தெழுகின்றனர். இவ்விரு சாராருடனும் எனக்கு உடன்பாடில்லை. சிறுபிள்ளைச் சங்கதி என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு இத்தொடர்கள் பாரிய விடயங்களைப் பேசுகின்றன. இனப்படுகொலை, அரச வன்முறை, சதிப்புரட்சி, அகதி வாழ்வு, பழிவாங்கல், மன்னிப்பு என்று அந்தப் பட்டியல் நீளும். இத்தகைய விடயங்களைக் கையில் எடுக்கின்ற ஒரு படைப்பு, அவற்றைக் கையாளும் முறைக்காக விசாரிக்கப்படவும் வேண்டும். விமர்சனம் என்பது ஒரு படைப்புக்கு நாம் செய்கின்ற குறைந்தபட்ச மரியாதை.

எனது குற்றச்சாட்டு இதுதான். கடந்த கால் நூற்றாண்டில் உலகெங்கும் புகழ்பெற்ற ஜப்பானியத் தொடர்கள் சில, ஒரு படுகொலையைக் கதையின் மையத்தில் வைத்துவிட்டுக் கொன்றவனின் துயரத்தையே வாசகனின் துயரமாக்கிவிடுகின்றன. கொல்லப்பட்டவர்களுக்குப் பெயர் இல்லை. கட்டளையிட்டவர்களுக்கு விசாரணை இல்லை. நடந்தது என்ன என்பது ஊருக்குச் சொல்லப்படுவதும் இல்லை. அந்த மௌனத்தின்மேல் ஒரு சமாதானம் கட்டி எழுப்பப்படுகின்றது. அதையே சுபமுடிவென்று நாம் ஏற்றுக்கொள்ள வேண்டுமாம்.

முடிவுகளைச் சொல்லாமல் இந்தக் குற்றச்சாட்டை நிறுவ முடியாது. ஆகவே, கதை முடிவை முன்கூட்டியே அறிய விரும்பாதவர்கள் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் நான். ஓர் அசம்பாவிதம் பற்றிய செய்தி ஆசிரியபீடத்துக்கு வந்து சேர்ந்ததும் நாம் கேட்கின்ற கேள்விகள் எளிமையானவை. இறந்தவர்கள் யார்? செய்தவர்கள் யார்? செய்வித்தவர்கள் யார்? இதில் எதைப் பொதுமக்கள் அறிவார்கள், எது மறைக்கப்படுகின்றது? எவ்வித இலக்கியக் கோட்பாட்டையும் துணைக்கழைக்காமல், இந்த நான்கு கேள்விகளை மாத்திரமே இத்தொடர்களிடம் கேட்டுப் பார்க்கின்றேன்.

முதலில் 'நருட்டோ'. மசாஷி கிஷிமோட்டோ இதனை 1999 முதல் 2014 வரை 'வீக்லி ஷோனென் ஜம்ப்' என்ற வார சஞ்சிகையில் வரைந்தார். 700 அத்தியாயங்கள், 72 தொகுதிகள். உலகெங்கும் சுமார் 25 கோடிப் பிரதிகள் விற்பனையானதாகக் கூறப்படுகின்ற தொடர் இது. நிஞ்ஜாக்கள் வாழும் கொனோஹா என்ற கிராமத்திலே, அக்கிராமத்தை நிறுவியவர்களுள் ஒரு குலமாகிய உச்சிஹா குலத்தினர் வாழ்கின்றனர். ஒரு பேரழிவுக்குப் பின்னர் அவர்கள்மீது சந்தேகம் விழுகின்றது. ஊரின் ஓரத்திலே ஒரு குடியிருப்புக்குள் ஒதுக்கப்பட்டுக் கண்காணிக்கப்படுகின்றனர். ஒதுக்கப்பட்டவர்கள் கிளர்ச்சிக்குத் திட்டமிடுகின்றனர். கிளர்ச்சி வெடிக்குமுன் ஊர்த் தலைமையின் ஒரு பகுதியினர் ஒரு முடிவுக்கு வருகின்றனர். அக்குலத்தைச் சேர்ந்த இட்டாச்சி என்ற பதின்மூன்று வயதுச் சிறுவனைக் கொண்டே அக்குலம் முழுவதையும் ஓர் இரவில் கொன்று முடிக்கின்றனர். தாயையும் தந்தையையும் உட்பட அனைவரையும் கொன்றவன், தன் தம்பி சசுகேயை மட்டும் உயிரோடு விடுகின்றான்.

சிறுவர் சஞ்சிகையொன்றில் இப்படியொரு விடயத்தைத் தொட்டதற்காகக் கிஷிமோட்டோவைப் பாராட்டத்தான் வேண்டும். அரசொன்று தன் குடிமக்களின் ஒரு பிரிவினரைச் சந்தேகத்தின் பேரில் எப்படி ஓரங்கட்டுகின்றது, ஓரங்கட்டியதன் விளைவையே எப்படி அழிப்பதற்கான காரணமாக்குகின்றது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கதைகள் அதிகம் இல்லை.

ஆனால் அதன் பின்னர் நடப்பதைப் பாருங்கள். உண்மை வெளிப்பட்டதும் இட்டாச்சி ஒரு தியாகியாகின்றான். ஊருக்காகத் தன் பெயரைக் கெடுத்துக்கொண்ட தேசபக்தன் என்று வாசகர்கள் உருகுகின்றனர். அந்த இரவில் இறந்தவர்களுள் எத்தனை பேருக்குக் கதையில் பெயர் உண்டு? விரல்விட்டு எண்ணிவிடலாம். கைக்குழந்தைகளும் கிழவிகளும் அங்கே இருந்திருப்பார்கள். கதை அவர்களை ஒருபோதும் திரும்பிப் பார்ப்பதில்லை. கட்டளையிட்டவர்களுள் டான்சோ என்பவன் சசுகேயின் கையால் இறக்கின்றான். ஆனால் அம்முடிவில் பங்குகொண்ட மற்றைய இரு மூத்த ஆலோசகர்களும் கதை முடியும் வரை தமது ஆசனங்களிலேயே இருக்கின்றனர். அவர்களை எவரும் எழுந்துநின்று பதில் சொல்லுமாறு கேட்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, உச்சிஹா குலத்துக்கு என்ன நடந்தது என்ற உண்மை அந்த ஊர்மக்களுக்குப் பகிரங்கமாகச் சொல்லப்படுவதும் இல்லை. இட்டாச்சியே அதை விரும்பவில்லை என்பது கதை தரும் சமாதானம். கொன்றவனின் விருப்பத்துக்கு இணங்கக் கொலையின் உண்மை புதைக்கப்படுகின்றது!

நீதி கேட்டவன் சசுகே. அவனை ஆசிரியர் என்ன செய்கின்றார் என்பதில்தான் சூட்சுமம் இருக்கின்றது. குலத்தை அழித்தவர்கள் யார் என்று கேட்கும் உரிமை அவனுக்கு முற்றாக உண்டு. அந்த உரிமையோடு அவனை நிற்க விட்டால் கதை கொனோஹாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டி வரும். ஆகவே அவன் படிப்படியாக வெறிபிடித்தவனாக்கப்படுகின்றான். ஊரையே அழிப்பேன் என்கின்றான். பின்னர் ஐந்து நாட்டுத் தலைவர்களையும் கொன்று உலகைத் தனியொருவனாக ஆளப்போவதாகச் சொல்கின்றான். கேள்வி கேட்டவனைக் கொடுங்கோலனாக்கிவிட்டால் கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை அல்லவா? இறுதியில் நருட்டோவும் அவனும் மோதி, ஆளுக்கொரு கையை இழந்து, நண்பர்களாகின்றனர். மன்னிப்புக் கேட்பவன் சசுகே. மன்னிப்பு வழங்குவது கொனோஹா. இந்தத் தலைகீழ் வரிசையைக் கவனிக்காமல் கண்ணீர் விட்டவர்கள் கோடிக்கணக்கானோர்.

இதே தொடரில் நாகட்டோ என்றொருவன் வருகின்றான். பெரிய நாடுகள் தமது போர்களை நடத்துவதற்குக் களமாக்கிக்கொண்ட ஒரு சிறிய மழைநாட்டைச் சேர்ந்தவன். அவனுடைய பெற்றோரைக் கொன்றவர்கள் கொனோஹாவின் வீரர்கள். வளர்ந்து வந்து கொனோஹாவைத் தரைமட்டமாக்குகின்றான். பின்னர் நருட்டோவோடு உரையாடி மனம் மாறுகின்றான். அதன் பிறகு தன் உயிரைக் கொடுத்து, தான் அன்று கொன்றவர்கள் அனைவரையும் உயிர்ப்பித்து விடுகின்றான். இறந்தவர்கள் எழுந்து உடையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு நடக்கின்றனர். மன்னிப்பின் பெருமையைச் சொல்ல வந்த கதை, மன்னிக்கவேண்டிய குற்றத்தையே இல்லாமற் செய்துவிடுகின்றது. மழைநாட்டில் இறந்தவர்களோ எழுந்து வரவில்லை. அந்த நாட்டுக்குக் கொனோஹா பதில் சொல்லவேண்டிய தருணமும் கதையில் வருவதேயில்லை.

அடுத்தது 'கோட் கியாஸ்'. இது மங்காவிலிருந்து வந்ததன்று. 2006 இற்கும் 2008 இற்கும் இடையில் இரு பருவங்களாகத் தொலைக்காட்சிக்கென்றே ஆக்கப்பட்ட அனிமே. பிரித்தானியா என்ற கற்பனைப் பேரரசு ஜப்பானைக் கைப்பற்றி, அதன் பெயரையும் பறித்து, இலக்கமிட்டு ஆள்கின்றது. பேரரசின் இளவரசி யூஃபெமியா ஜப்பானியருக்கு ஒரு விசேட நிர்வாக வலயத்தை வழங்க முன்வருகின்றாள். பிறரைத் தன் கட்டளைக்குப் பணியவைக்கும் சக்தியைப் பெற்ற நாயகன் லெலூஷ், விளையாட்டாகச் சொல்லும் ஒரு வாக்கியம் கட்டளையாகிவிட, அவ்விழாவுக்கு நம்பி வந்த ஜப்பானியர்களைக் கொல்லுமாறு அவள் ஆணையிடுகின்றாள். பெரும் படுகொலை. யாருடைய குற்றம்? யாருடையதும் இல்லை, சக்தி கட்டுப்பாட்டை மீறிவிட்டது! தவறிப்போன ஒரு சொல்லால் நிகழ்ந்த விபத்தாகப் படுகொலையை மாற்றிவிடும் இந்த உத்தியைவிட ஓர் ஆட்சியாளனுக்கு உகந்த கதை வேறெதுவும் இருக்க முடியாது.

அதன் பின்னர் நாயகன் அவளைச் சுட்டுக் கொல்கின்றான். உண்மையை மறைக்கின்றான். மக்களின் ஆத்திரத்தைத் தன் புரட்சிக்கு எரிபொருளாக்குகின்றான். இறுதியில் உலகின் வெறுப்பு முழுவதையும் தன்மீது குவித்துக்கொண்டு, தன் நண்பனின் கையாலேயே பகிரங்கமாகக் கொல்லப்பட ஏற்பாடு செய்கின்றான். உலகம் சமாதானமடைகின்றது. அந்தச் சமாதானம் ஒரு நாடகத்தின்மேல் நிற்கின்றது என்பதை ஒருசிலர் மட்டுமே அறிவர். அனிமே ரசிகர்கள் பலர் இதனை வரலாற்றிலேயே மிகச் சிறந்த முடிவுகளுள் ஒன்றாகக் கொண்டாடுகின்றனர். கட்டமைப்பின் நேர்த்தியை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பத்திரிகையாளன் என்ற வகையில் எனக்கு அம்முடிவு அச்சத்தையே தருகின்றது. மக்கள் உண்மையைத் தாங்கமாட்டார்கள், அவர்களுக்கு நல்லதொரு பொய்யே போதும் என்பதல்லவா அது சொல்லாமல் சொல்வது?

மூன்றாவது, இவற்றுள் மிகவும் ஆற்றல் வாய்ந்தது: 'அட்டாக் ஒன் டைட்டன்'. ஹஜிமே இசயாமா 2009 முதல் 2021 வரை ஒரு மாத சஞ்சிகையில் வரைந்து 34 தொகுதிகளில் நிறைவுசெய்த இத்தொடரின் பிரதிகள் 10 கோடிக்கு மேல் விற்பனையாகியுள்ளன. பாரிய மதில்களுக்குள் அடைபட்டு வாழும் மக்களுக்கு வெளியுலகமே தெரியாது. அவர்களின் நினைவுகளையே மன்னன் அழித்திருக்கின்றான். அவர்களை ஆள்பவர்கள் மறைத்த வரலாற்றைத் தேடிச் செல்வதே கதையின் முற்பாதி. அதிலே இரு பத்திரிகையாளர்கள் வருகின்றனர். அரசுக்கு அஞ்சிப் பொய்ச் செய்தி எழுதிவந்தவர்கள், ஒரு கட்டத்தில் துணிந்து உண்மையை அச்சேற்றுகின்றனர். பின்னர் உலகத்தின் முழு உண்மையும் கிடைத்தபோது, அதனை மக்களிடமிருந்து மறைக்கக்கூடாது என்று அரசியே முடிவெடுக்கின்றாள். அது செய்தித்தாளில் வெளியாகின்றது. இப்பகுதிகளை நான் பெருமகிழ்ச்சியோடு வாசித்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். உண்மைக்கும் ஆட்சிக்கும் உள்ள உறவை இத்தனை கூர்மையாகத் தொட்ட வெகுசனப் படைப்புகள் அரிது.

அப்படிப்பட்ட தொடர் எங்கே போய் முடிகின்றது? அடக்கப்பட்ட இனத்தின் பிள்ளையாகிய நாயகன் எரென், தன் தீவைக் காப்பதற்காக மதில்களுக்குள் உறைந்திருந்த பேருருக்களை எழுப்பி உலகின்மேல் நடக்கவிடுகின்றான். மனிதகுலத்தின் ஐந்தில் நான்கு பங்கினர் மிதிபட்டு இறக்கின்றனர். அதில் ஒரு காட்சி மட்டும் உண்மையானது. ரம்சி என்ற அகதிச் சிறுவனை எரென் முன்னரே சந்திக்கின்றான். தான் செய்யப்போவதை அறிந்தவனாய் அவன் முன்னே அழுது மன்னிப்புக் கேட்கின்றான். பின்னர் அச்சிறுவனும் அவன் சகோதரனும் மிதிபடுவதை இசயாமா கண்ணைத் திருப்பாமல் வரைகின்றார். அந்த ஒரு சிறுவனுக்குப் பெயர் கிடைத்தது. ஆனால் அங்கும் அழுவது எரென்தான். மொழி புரியாத அச்சிறுவன் அந்தக் கண்ணீரின் பொருளைக்கூட அறியவில்லை.

இறுதி அத்தியாயத்தில் எரெனின் நண்பன் அர்மின், தங்களுக்காகக் கொலையாளியானதற்கு அவனுக்கு நன்றி சொல்கின்றான். 2021 ஏப்ரலில் அந்த வரிகள் வெளியானபோது வாசகர்களிடையே பெரும் கண்டனம் எழுந்தது. 2023 நவம்பரில் அனிமேயின் இறுதிப் பாகம் வெளிவந்தபோது அந்த உரையாடல் மாற்றி எழுதப்பட்டிருந்தது. அதில் அர்மின் நன்றி கூறவில்லை. குற்றத்தில் தனக்கும் பங்குண்டு என்று ஏற்றுக்கொள்கின்றான். இது வரவேற்கத்தக்க திருத்தம். ஆனால் ஒரு வரியைத் திருத்திவிடலாம், பார்வையைத் திருத்த முடியவில்லை. கதையின் கடைசிப் பக்கங்கள் ஒரு மரத்தடியில் இருக்கும் எரெனின் கல்லறையைச் சுற்றியே நிற்கின்றன. காதலித்தவளின் கண்ணீர், கழுத்துத் துணி, பறந்து வரும் ஒரு பறவை. மிதிபட்ட கோடிக்கணக்கானோருக்கு ஒரு கல்லறைகூட வரையப்படவில்லை.

மூன்று தொடர்களிலும் ஒரே அச்சு இருப்பதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். இந்த அச்சுக்கு ரசிகர்கள் மத்தியில் ஓர் அழகான பெயரும் உண்டு: வெறுப்பின் சங்கிலி. நீ கொன்றாய், நான் கொன்றேன், அவன் கொன்றான், எல்லோரும் வலியறிந்தவர்கள், சங்கிலியை யாராவது அறுக்கவேண்டும். கேட்பதற்கு ஞானம் போல இருக்கும். ஆனால் சங்கிலி என்று சொன்ன கணத்திலேயே முதற் கண்ணியை இட்டவன் யார் என்ற கேள்வி மறைந்துபோகின்றது. படை வைத்திருந்த அரசும் பாயில் படுத்திருந்த கிழவியும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றனர். சங்கிலியை அறுக்கும் பொறுப்பும் எப்போதும் இழந்தவன் தலையிலேயே சுமத்தப்படுகின்றது.

இந்த அச்சு ஏன் இவ்வளவு வெற்றிகரமாக ஓடுகின்றது? தொடர்கதை வெளியிடும் பத்திரிகைகளின் உள்வீட்டு விவகாரம் அறிந்தவர்களுக்கு இது வியப்பன்று. ஜம்ப் சஞ்சிகை பல தசாப்தங்களாக வாசகர்களின் கருத்துக்கணிப்பு அட்டைகளைக் கொண்டே தொடர்களின் ஆயுளைத் தீர்மானித்து வந்துள்ளது. வாக்குக் குறைந்த தொடர் நிறுத்தப்படும். பாத்திரங்களுக்கும் தனியே வாக்கெடுப்புகள் உண்டு. கருமுடியும் சோகக் கண்களும் கொண்ட அழகிய கொலையாளிக்கு வாக்கு விழும். ஓர் இரவில் இறந்துபோன பெயரற்ற கிழவிக்கு எவன் வாக்களிப்பான்? செத்தவர்கள் பொம்மையாகவும் சட்டையாகவும் விற்பனையாகமாட்டார்கள்.

சந்தைதான் இப்படி, வெகுசனக் கலையில் வேறு வழியில்லை என்று எவரும் சொல்லவேண்டாம். அதே ஜப்பானில், அதே சந்தையில், வேறு வழி நடந்தவர்கள் உள்ளனர். நருட்டோ வெளிவந்த அதே ஜம்ப் சஞ்சிகையில் 1973 இல் தொடங்கியதுதான் கெய்ஜி நகசாவாவின் 'வெறுங்கால் ஜென்'. நகசாவா 1939 இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு ஆறு வயது. தந்தையையும் தமக்கையையும் தம்பியையும் அன்றே இழந்தார். 1966 இல் தாயும் இறந்த பின்னரே அவர் அணுகுண்டைப் பற்றி வரையத் தொடங்கினார். பத்துத் தொகுதிகளாக விரிந்த அக்கதையில் குண்டுபோட்ட அமெரிக்கா மட்டும் குற்றவாளியல்ல. மக்களைப் போருக்கு விரட்டிய சொந்த அரசும், சக்கரவர்த்தியும், போரை எதிர்த்த தந்தையைத் துரோகி என்று தூற்றிய அயலவர்களும் பெயர் சொல்லிக் காட்டப்படுகின்றனர். கொரிய அயலவர் ஒருவருக்கும் அங்கே முகமும் பெயரும் உண்டு. கொன்றவர்களின் சோகத்தை வரைவதற்கு நகசாவாவுக்கு நேரமிருக்கவில்லை.

மற்றையவர் ஷிகெரு மிசுக்கி. நியூ பிரிட்டன் தீவில் போர்முனையில் நின்று இடக்கையை இழந்தவர். எஞ்சிய கையால் வரைந்து 2015 இல் தமது 93 ஆவது வயதில் மறைந்தவர். தமது போர்க்கள அனுபவத்தை அடியொற்றி 1973 இல் அவர் வெளியிட்ட மங்காவொன்றில், ஒரு படைப்பிரிவு கடைசி வீரன் வரை போரிட்டு மடிந்ததாகத் தலைமையகத்துக்கு அறிவிக்கப்பட்டு விடுகின்றது. ஆனால் சிலர் பிழைத்துத் திரும்புகின்றனர். அறிக்கை பொய்யாகிவிடக் கூடாதல்லவா? ஆகவே பிழைத்தவர்கள் மீண்டும் சாக அனுப்பப்படுகின்றனர். செய்தியை மெய்யாக்குவதற்காக மனிதர்களைக் கொல்வது! பொய்யின்மேல் கட்டப்பட்ட பெருமைக்கு விலை கொடுப்பவர்கள் யார் என்பதை மிசுக்கி அறிந்திருந்தார். லெலூஷின் மகத்தான பொய்யைக் கண்டு கைதட்டும் இளைஞர்கள் அவசியம் வாசிக்கவேண்டிய நூல் இது.

அவர்கள் போரைக் கண்டவர்கள், இன்றையவர்களிடம் அதை எதிர்பார்க்கலாமா என்று கேட்கக்கூடும். போரைக் காணாத தலைமுறையில் ஹிரோமு அரகாவா இருக்கின்றார். 2001 முதல் 2010 வரை 27 தொகுதிகளாக வெளிவந்த அவரது 'புல்மெட்டல் அல்கெமிஸ்ட்' விற்பனையிலும் புகழிலும் எவருக்கும் இளைத்ததன்று. இஷ்வால் என்ற சிறுபான்மை மக்களை அரச படை அழித்தொழித்த கதை அதில் வருகின்றது. அதை வரைவதற்காக அரகாவா முதிய போர்வீரர்களைத் தேடிச் சென்று உரையாடினார். அழிப்பில் பங்குகொண்ட மஸ்டாங் என்ற அதிகாரியும் அவனுடைய துணை அதிகாரி ஹோக்ஐயும் கதையின் நாயகர் வரிசையில் உள்ளவர்கள்தாம். ஆனால் நாட்டை மக்களாட்சிக்குக் கொண்டுவந்தால், இஷ்வாலில் வீரர்களென்று கொண்டாடப்பட்ட தாங்களே குற்றவாளிகளாக விசாரிக்கப்படுவோம் என்பதை அறிந்தே அவர்கள் அதற்காக உழைக்கின்றனர். தன் பெற்றோரைக் கொன்றவனின் காயத்துக்கு வின்ரி என்ற பெண் கட்டுப்போடுகின்றாள். உன்னை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் அவள் சொல்வதில்லை. பழிவாங்காமல் இருப்பது வேறு, மன்னிப்பது வேறு என்ற இந்த நுட்பம் நருட்டோவின் 72 தொகுதிகளில் எங்கும் இல்லை.

அரகாவாவும் முழுமையாகத் தேறிவிடவில்லை. நாட்டின் தலைவன் மனிதனே அல்லன் என்ற உண்மையை அக்கதையின் நாயகர்களும் மக்களிடமிருந்து மறைத்தே விடுகின்றனர். ஆயினும் இஷ்வாலின் இரத்தம் யார் கையில் இருக்கின்றது என்பதை அவர் எங்கும் மறைக்கவில்லை.

எயிச்சிரோ ஓடாவின் 'வன் பீஸ்' தொடரையும் இங்கே குறிப்பிடாமல் விடமுடியாது. 1997 முதல் வெளிவரும் அத்தொடரில், தடைசெய்யப்பட்ட வரலாற்றை ஆராய்ந்த குற்றத்துக்காக ஒகாரா என்ற தீவும் அதன் அறிஞர்களும் உலக அரசால் அழிக்கப்படுகின்றனர். தப்பிய ஒரேயொரு சிறுமி ரொபின் உயிரோடு இருப்பதே அந்த அரசுக்கு அச்சுறுத்தலாகின்றது. அவளிடம் சங்கிலியை அறுக்கும்படி எவரும் உபதேசம் செய்வதில்லை. மறைக்கப்பட்ட வரலாற்றைத் தேடி அவள் தொடர்ந்து செல்கின்றாள். இன்றைய மங்காக்களுள் மிகப் பெரும் எண்ணிக்கையில் விற்பனையாவது இதுவே என்பதையும் கவனிக்கவேண்டும். உண்மையைத் தேடும் கதையை மக்கள் வாங்கமாட்டார்கள் என்ற வாதம் இங்கே அடிபட்டுப் போகின்றது.

"இது வெறும் கற்பனை, இதை ஏன் இவ்வளவு பாரதூரமாக எடுத்துக்கொள்கின்றீர்கள்?" என்று கேட்பவர்களுக்கும் அதே தொடரே பதில் சொல்கின்றது. 2025 ஓகஸ்ட்டில் இந்தோனேசியாவிலும், செப்டெம்பரில் ஆட்சியையே கவிழ்த்த நேபாளக் கிளர்ச்சியிலும் இளைஞர்கள் ஏந்திச் சென்றது வன் பீஸ் நாயகனின் வைக்கோல் தொப்பிக் கொடியை. கதையிலிருந்து கொடியை எடுக்கத் தெரிந்தவர்கள் நீதி பற்றிய எண்ணத்தையும் கதையிலிருந்தே எடுப்பார்கள். அதனால்தான் கதை அவர்களுக்கு எதைக் கொடுக்கின்றது என்பது முக்கியமாகின்றது.

சித்திரிப்பது வேறு, ஆதரிப்பது வேறு என்பதும் ஒரு வாதம். உண்மைதான். படுகொலையைச் சித்திரித்ததற்காக நான் எவரையும் குறைகூறவில்லை. சித்திரித்த பின்னர் எந்த முகத்தை நெருங்கிச் சென்று காட்டுகின்றார்கள், எந்த முகங்களைத் தூரத்தில் புள்ளிகளாக்குகின்றார்கள் என்பதையே கேட்கின்றேன். அந்தத் தெரிவு ஆசிரியருடையது. அதற்கு அவர் பொறுப்பாளி.

இவை ஜப்பானின் சொந்த வரலாற்றிலிருந்து பிரிந்து நிற்பவையும் அல்ல. பாடநூலில் போர்க்கால உண்மைகளை எழுதுவதற்கு அரசு விதித்த கட்டுப்பாடுகளை எதிர்த்து வரலாற்றாசிரியர் சபுரோ இயெனகா 1965 முதல் தொடுத்த வழக்குகள் 1997 வரை நீண்டன. 2012 இல் மட்சுவே நகரக் கல்விச் சபை, பாடசாலை நூலகங்களில் வெறுங்கால் ஜென்னை மாணவர்கள் தாமாக எடுத்து வாசிக்க முடியாதபடி கட்டுப்படுத்தியது. 2013 ஓகஸ்ட்டில் இது வெளியே தெரியவந்து கண்டனம் எழுந்ததும் அக்கட்டுப்பாடு விலக்கிக்கொள்ளப்பட்டது. 2023 இல் ஹிரோஷிமா நகரத்தின் கல்விச் சபையே, தனது சமாதானக் கல்விப் பாடத்திலிருந்து அந்நூலின் பகுதிகளை அகற்றியது. குண்டு விழுந்த நகரத்திலேயே ஜென்னுக்கு இடம் சுருங்குகின்றது. கொன்றவனுக்காக அழும் கதைகளுக்கோ உலகெங்கும் திரையரங்குகள் திறக்கின்றன. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

எமது பிள்ளைகளும் இத்தொடர்களைக் கைத்தொலைபேசியில் உபதலைப்புகளோடு பார்த்தே வளர்கின்றனர் என்பதால் ஒரு வார்த்தை. இட்டாச்சியின் படத்தைச் சட்டையில் அணிந்த இளைஞர்களை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் காண்கின்றேன். காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படங்களை ஏந்தியவாறு, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரும் இதே நாட்டில்தான் இருக்கின்றனர். அவர்கள் கேட்பது நான் மேலே சொன்ன கேள்விகளைத்தான். யார் செய்தார்கள், யார் செய்வித்தார்கள், எமக்கு ஏன் சொல்லவில்லை? அவர்களிடம் போய் வெறுப்பின் சங்கிலியை அறுக்கும்படி சொல்ல எவருக்கு வாய் வரும்? வாய் வருகின்ற அரசியல்வாதிகள் பலரை என் தொழிலில் கண்டிருக்கின்றேன். அவர்களின் மேடைப்பேச்சுக்கு முன்னுரை எழுதும் கதைகளை, இன்னொரு மொழியில் இன்னொரு நாட்டில் வரையப்பட்டவை என்பதற்காக நாம் கண்மூடி ரசிக்க வேண்டியதில்லை.

இத்தொடர்களைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தடை கேட்பது பத்திரிகையாளனுக்கு அழகன்று. மட்சுவே நகரத்தார் செய்த வேலையை நான் ஏன் செய்யவேண்டும்? பாருங்கள், வாசியுங்கள், சண்டைக் காட்சிகளின் அழகில் மெய்ம்மறந்தும் போங்கள். ஆனால் கதை முடிந்து கண் கலங்கும்போது, அந்தக் கண்ணீர் யாருக்காக வருகின்றது என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். உச்சிஹா குடியிருப்பில் அன்றிரவு கதவைத் திறந்த ஒரு கிழவியின் பெயர் என்னவென்று கேளுங்கள். கிஷிமோட்டோ அதைச் சொல்லவில்லை. வாசகர்களாவது கேட்டிருக்க வேண்டும்.